கோலி சோடா இயந்திரத்துக்கு மறுவாழ்வு

பெங்களூரு எஸ்.ஜே.பி. சாலையின் பழைய இரும்புக் கடைகளைச் சுற்றிவரும் அன்பர் ஒருவருக்கு, துருவேறிய சட்டமும் களிம்பேறிய பித்தளைக் குழாயுமாகக் கைச்சுழற்சிக் கோலி சோடா இயந்திரம் ஒன்று கிடைக்குமாயின், அதனைச் சீர்செய்வதைவிட ரசமான பொழுதுபோக்கு வேறில்லை என்பேன்.

1872-ஆம் ஆண்டில் ஹிராம் காட் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற கோலிப் புட்டி, தக்கையும் மூடியும் வேண்டாமல், உள்ளிருக்கும் வாயுவின் அழுத்தத்தாலேயே கண்ணாடிக் கோலி கழுத்தின் ரப்பர் வளையத்தில் இறுகிக்கொள்ளும் அற்புத யுக்தியை உடையது. நீர் நிரப்பிய புட்டிகளை இயந்திரத்தில் பொருத்தி, கரியமிலவாயுவைச் செலுத்தியவண்ணம் கைப்பிடியைச் சுழற்றும்போது, வாயு நீரில் கரைகிறது. புட்டி தலைகீழாக நிற்கும் தருணத்தில் கோலி கழுத்துக்கு உருண்டு வந்து வாயை அடைத்துவிடுகிறது.

பித்தளையைப் புளியிட்டுத் துலக்குவது ஆனந்தமான வேலைதான். ஆயினும் பிரதானமானவை அழுத்தமானியும் பாதுகாப்பு வால்வுமே. இறுகி வெடித்த வாஷர்களை மாற்றி, குடிநீர் படும் இடங்களில் ஈயப்பற்று இருப்பின் அகற்றி, குழாய்களை முதலில் நீரின் அழுத்தத்தால் சோதிப்பது அவசியம். அழுத்தத்தில் சுருங்காத நீர், குழாய் விரிசல் கண்டாலும், வாயுவைப்போல் சீறி வெடிப்பதில்லை. கீறல் விழுந்த புட்டியை எக்காரணங்கொண்டும் ஏற்றலாகாது. கண்ணாடித் துண்டு தெறிக்காதபடி இரும்பு உறையும், கண்களுக்குக் காப்பும் வேண்டும். நீரை நன்கு குளிரவைத்து நிரப்புக. குளிர்ந்த நீரிலேயே வாயு மிகுதியாகக் கரையும்.