மாத்திரையும் மாத்திரையும் – 9: ஈரலின் வேகம்

காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஈரலை முடுக்கிவிட்டு வலிப்பு மருந்தை இரத்தத்திலிருந்து துரத்தும் கதை போன வாரமே வந்துவிட்டது. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் வல்புரோவேட் என்ற வலிப்பு மருந்து என்று சொல்லியிருந்தேன். அதற்குள் சென்னையின் பழைய ஆய்வொன்று வழியை மறித்துக்கொண்டது.

1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு நிலையத்துக்கு 1959இல் உலகப் பெயர் வந்தது. சானடோரியத்தில் படுத்திருப்பவருக்கும் வீட்டிலிருந்தபடி மாத்திரை விழுங்குபவருக்கும் ஏறத்தாழ ஒரே பலன்தான் என்று அது காட்டியது. நான் வியப்பது அதைவிட அடக்கமான வேலையை. ஐசோனியாசிட் என்ற காசநோய் மருந்தை உடல் எவ்வளவு வேகத்தில் செயலிழக்கச் செய்கிறது என்று அங்கே அளந்து பார்த்தார்கள்; 1961இல் முடிவு வெளியானது. தென்னிந்திய நோயாளிகளில் சுமார் 60 வீதமானோர் அதை மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர்கள். இது பரம்பரையாக வருவது. சாப்பாட்டாலோ வேலையாலோ மாறாது. திருச்சி, மதுரை, சேலம் பக்கமிருந்து கோப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஹட்டனிலும் நுவரெலியாவிலும் லயங்களில் இருக்கிறார்கள். ஆகவே அந்தக் கணக்கு மலையகத்துக்கும் பெரும்பாலும் பொருந்தும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அதில் என்ன வந்தது? வலிப்பு மருந்தான ஃபெனிட்டோயினைச் சிதைக்கும் நொதியை ஐசோனியாசிட் தடுக்கிறது. மெதுவாகச் செயலிழக்கச் செய்பவரின் இரத்தத்தில் ஐசோனியாசிட் அதிகம் தேங்கும், தடையும் பலமாகும். ஃபெனிட்டோயினோ ஒரு கட்டத்துக்கு மேல் சிறிது கூடினாலே இரத்த அளவு பன்மடங்கு ஏறும் சண்டி மருந்து. இரண்டும் சேர்ந்து நஞ்சேறியவர்கள் மிக மெதுவாகச் செயலிழக்கச் செய்பவர்களே என்று 1970இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினார்கள்.

அது ரிஃபாம்பிசின் வராத காலம், இப்போது அதையும் ஐசோனியாசிட்டையும் சேர்த்துத்தானே கொடுக்கிறோம் என்பார்கள். நல்ல கேள்வி. 1985இல் வந்த ஆய்வொன்றில், இரண்டும் சேர்ந்தபோது ரிஃபாம்பிசினே வென்றது. ஃபெனிட்டோயின் வெளியேறும் வேகம் மெதுவானவர்களிலும் கூடியது. ஆனால் ரிஃபாம்பிசின் எப்போதும் துணைக்கு இருப்பதில்லை. நோயாளியோடு ஒரே லயத்தறையில் படுக்கும் பிள்ளைக்குத் தடுப்பாக ஆறு மாதம் ஐசோனியாசிட்டை மட்டும் கொடுப்பதுண்டு. மஞ்சள் காமாலை கண்டு எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கும்போது ரிஃபாம்பிசின் விடுபட்டுப் போவதும் உண்டு. தவிர, ஐசோனியாசிட்டின் தடை சில நாளில் தொடங்கிவிடும். ரிஃபாம்பிசின் ஈரலை முழுதாக முடுக்க ஒன்றிரண்டு வாரம் எடுக்கும்.

நஞ்சேறினால் பக்கவாட்டில் பார்க்கும்போது கண்மணி துடிக்கும், நாக்குக் குழறும், நடை தள்ளாடும். மழை பெய்த மலைச்சரிவில் கூடையோடு நிற்கும் ஒருத்திக்கு அந்தத் தள்ளாட்டமே போதும். ஆணென்றால் பார்ப்பவர்கள் சாராயத்தைச் சந்தேகிப்பார்கள். மாத்திரை யாருக்கும் ஞாபகம் வராது. இரத்த அளவைப் பார்த்தால் தெரியுமே என்றால், பார்க்கச் சொல்வதற்கே முதலில் இரண்டு மருந்தும் ஒருவர் கண்ணில் பட வேண்டும். வலிப்பு மருந்து ஒரு கிளினிக் கொப்பியிலும் காசநோய் மருந்து வேறொரு அட்டையிலும் இருந்தால் அது நடக்காது. நெஞ்சு நோய் கிளினிக்கில் முதல் நாளே வலிப்பு மாத்திரையின் பெயரைக் கேட்டு அட்டையில் எழுதுவதற்கு ஒரு நிமிடம் செல்லும்.

வல்புரோவேட் அடுத்த வாரம். ஆறு மாதம் முடிந்து ரிஃபாம்பிசின் நிற்கும்போது, அதற்காக ஏற்றி வைத்த ஃபெனிட்டோயினை யார் இறக்குவது என்ற கேள்வியும் அதோடு வரும்.