மலையில் தெரியும் தீ எந்த இடத்தில்? கம்ப்யூட்டரில் பார்க்கலாம்

மாசி, பங்குனி மாதங்களில் போடி, கம்பம், வருசநாடு பக்கம் மொட்டை மாடியில் நின்றால், சில இரவுகளில் மலைச் சரிவில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு கோடு நெளிந்து செல்வது தெரியும். காட்டுத் தீ தான். எந்த மலை, எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஆளுக்கு ஓர் இடத்தைச் சொல்வார்கள்.

இணைய இணைப்புள்ள கம்ப்யூட்டர் உங்களிடம் இருந்தால் இதற்கு ஓரளவு சரியான பதிலைப் பெறலாம். அமெரிக்காவின் நாசா அமைப்பு, உலகில் எங்கெல்லாம் தீ எரிகிறது என்பதைச் செயற்கைக் கோள்கள் மூலம் கண்டறிந்து, ஒரு மேப்பில் புள்ளிகளாகக் காட்டுகிறது. இதன் பெயர் ஃபிர்ம்ஸ். கட்டணம் எதுவும் இல்லை. மேப்பைப் பார்க்கப் பெயர், பாஸ்வேர்ட் எதுவும் தர வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் எல்லாரும் கூகுள் எர்த்தில் தங்கள் வீட்டுக் கூரையைத் தேடுவார்கள். அந்த ஆசை தீர்ந்த பின் பார்க்க வேண்டிய தளம் இது.

தேனி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தனிக் காரணம் உண்டு. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. போடிக்கு மேலே குரங்கணி மலையில், சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பகுதியிலிருந்தும் வந்த இரண்டு மலையேற்றக் குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கிக் கொண்டிருந்த போது காட்டுத் தீயில் சிக்கின. காய்ந்த புல் நிறைந்த செங்குத்தான சரிவு, பலமான காற்று. சரிவில் தீ மேல் நோக்கிச் செல்லும் போது, அதன் வெப்பம் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடும். அதனால் சமதரையைக் காட்டிலும் பல மடங்கு வேகமாகப் பரவும். மனிதர் ஓடித் தப்புவது கடினம். விமானப் படையின் ஹெலிகாப்டர்கள் மீட்புக்கு வந்தன. அங்கேயும், பின்னர் மருத்துவமனைகளிலுமாக 20க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தனர்.

இனி தளத்திற்குச் செல்வோம். கூகுளில் நாசா என்பதையும், எஃப், ஐ, ஆர், எம், எஸ் என்ற ஐந்து எழுத்துகளையும் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டவும். கிடைக்கும் முடிவுகளில் நாசாவின் தளத்தைக் கிளிக் செய்து, அதில் ஃபயர் மேப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். உலக மேப் திரையில் விரியும். இணைப்பு மெதுவாக இருந்தால் சற்றுப் பொறுத்திருக்க வேண்டும். மவுஸின் வீலை உருட்டித் தென்னிந்தியாவைப் பெரிதாக்கி, மதுரைக்கு மேற்கே வாருங்கள். ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, மறு பக்கம் வருசநாடு, மேகமலை. நடுவில் இருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. இன்று, கடந்த 24 மணி நேரம், கடந்த 7 நாட்கள் எனக் காலத்தைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய தேதிகளுக்கும் வசதி உண்டு; 2000ஆம் ஆண்டின் இறுதியிலிருந்தே பதிவுகள் உள்ளன. ஐப்பசியில் பார்த்து மேப் காலியாக இருந்தால் தளம் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஏதேனும் ஒரு மார்ச் மாதத் தேதியைக் கொடுத்துப் பாருங்கள்.

புள்ளி ஒன்றைக் கிளிக் செய்தால் அது பதிவான நேரம் கிடைக்கும். இங்கே பலரும் ஏமாறுவார்கள். அது உலகப் பொது நேரம். நம் நேரம் தெரிய ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். 8.00 என்று இருந்தால் நமக்குப் பிற்பகல் 1.30.

புள்ளியின் அளவை வைத்துத் தீயின் அளவை முடிவு செய்யக் கூடாது. நோவா-20, நோவா-21 என்ற செயற்கைக் கோள்களில் உள்ள வீர்ஸ் என்னும் கருவி, தரையை 375 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து வெப்பத்தை அளக்கிறது. ஒரு கட்டம் என்பது ஏறத்தாழ 35 ஏக்கர். அந்தக் கட்டத்திற்குள் எங்கோ, சுற்றுப்புறத்தை விடச் சூடான ஏதோ ஒன்று இருக்கிறது என்பது தான் புள்ளியின் பொருள். வயலில் தாள் எரித்தாலும், சூளை எரிந்தாலும் புள்ளி விழலாம். மேகம் மூடியிருந்தால் உண்மையான தீ கூடத் தெரியாமல் போகும்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று இருக்கிறது. இந்தச் செயற்கைக் கோள்கள் நம் பகுதியைக் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியை ஒட்டியும், பின்னிரவு ஒன்றரை மணியை ஒட்டியும் தான். எடுத்த தகவல் மேப்பில் ஏற மூன்று மணி நேரம் வரை ஆகலாம். இரண்டு மணிக்குப் பற்றிய தீ, அடுத்த முறை கடக்கும் வரை வீர்ஸ் கண்ணில் படாது. காய்ந்த புல்வெளி எரிந்து முடிய அவ்வளவு நேரம் தேவையில்லை. எனவே மலைக்குக் கிளம்பும் முன் இந்த மேப்பைப் பார்த்து, புள்ளி இல்லை, போகலாம் என்று முடிவெடுப்பது ஆபத்தானது. குரங்கணிச் சம்பவத்திற்குப் பின் தமிழகத்தில் மலையேற்றத்திற்கு விதிமுறைகள் வந்துள்ளன. தீப் பருவத்தில் பாதைகள் மூடப்படுகின்றன. போகலாமா என்பதற்கான பதிலை வனத்துறையிடம் தான் கேட்க வேண்டும்.

அப்படியானால் பயன் என்ன? வனத்துறைக்கு நிறையவே உண்டு. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக் கோள் தகவல்களைக் கொண்டு மாநில வனத்துறைகளுக்குத் தீ எச்சரிக்கை அனுப்பி வருகிறது. அதன் தளத்தில் பொதுமக்களும் பதிவு செய்து, தங்கள் பகுதிக்கான எச்சரிக்கையைப் பெறலாம். நாட்கணக்கில் எரியும் தீ எந்தப் பக்கம் நகர்கிறது என்பதையும், எந்தச் சரிவு ஆண்டுதோறும் எரிகிறது என்பதையும் அறிய இந்தப் பதிவுகளை விட எளிய வழி இல்லை. மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருப்பவர்கள், ஐந்தாறு ஆண்டுகளின் மார்ச் மாதப் பதிவுகளை வரிசையாகப் பார்த்தால், தீத்தடுப்புக் கோட்டை எந்தப் பக்கம் வெட்டுவது என்பது ஓரளவு புரிந்துவிடும்.

ஃபிர்ம்ஸ் தளத்திலேயே இமெயில் எச்சரிக்கை வசதியும் உள்ளது. ஃபயர் அலர்ட் என்ற பிரிவில் உங்கள் இமெயில் முகவரியைத் தந்து, மேப்பில் உங்களுக்கு வேண்டிய பகுதியைக் கட்டமிட்டுக் காட்டிவிட்டால் போதும். தினம் ஒரு முறை தொகுப்பாகவும் பெறலாம், புள்ளி விழுந்தவுடன் விரைவாகவும் பெறலாம். கட்டத்தைச் சிறியதாகப் போடுங்கள். மாவட்டம் முழுவதையும் வளைத்துவிட்டால், பங்குனியில் இன்பாக்ஸ் நிறைந்து எதையும் திறந்து பார்க்காமல் விட்டுவிடுவீர்கள்.

மாடியிலிருந்து புகையோ தீயோ கண்ணில் பட்டால் மட்டும் கம்ப்யூட்டரை ஆன் செய்து கொண்டிருக்காதீர்கள். 112க்கு போன் செய்து இடத்தைச் சொல்லுங்கள். செயற்கைக் கோள் வந்து சேர இன்னும் பல மணி நேரம் இருக்கக்கூடும்.