பேய்க் கப்பலும் ஊமைச் சிறுவனும்

பேய்க் கதைகளை நமது வாலிபர் படிப்பது தகுமா என்று சிலர் வினவுகின்றனர். எந்தப் பேய் என்று தெரிந்தாலன்றி இதற்கு விடை கூறுதல் இயலாது. பேராசையாலும் செருக்காலும் ஒருவன் பேயான கதையை அரசியல் ஊழியர் அவசியம் படிக்க வேண்டுமென்பது நமது கருத்து. பிரையன் ஜேக்ஸ் என்னும் ஆங்கில ஆசிரியர் 2001-ல் இளைஞர்களுக்காக எழுதிய 'காஸ்ட்அவேஸ் ஆப் தி பிளையிங் டச்மன்' என்ற நாவல் அத்தகையது.

பழைய ஐதிகம் இதுதான்: நன்னம்பிக்கை முனையருகே புயல் மறிக்கிறது. ஒல்லாந்தக் கப்பலின் தலைவன் திரும்ப மறுக்கிறான். ஊழிக்காலம் வரை ஓடினாலும் முனையைச் சுற்றியே தீருவேன் என்று தெய்வத்தை இகழ்ந்து சபதம் செய்கிறான். அச்சபதமே சாபமாகிறது. அன்று முதல் கரை காணாது அலைகிறது அக்கப்பல். அதனைக் கண்டோர்க்குக் கேடு வரும் என்பது மாலுமிகளின் நம்பிக்கை. 1881 ஜூலை 11-ந் தேதி ஆஸ்திரேலியக் கடலில் அது தோன்றியதாக, பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான இளவரசரின் பிரயாணக் குறிப்பு கூறுகிறது. முதலில் கண்ட மாலுமி அன்று காலையே பாய்மரத்தினின்று வீழ்ந்து மாண்டானாம். காற்றின் குளிர்ந்த அடுக்கும் வெப்ப அடுக்கும் ஒளியை வளைத்து, தொலைவிலுள்ள கப்பலை வானில் மிதப்பதுபோற் காட்டும் என்பர் விஞ்ஞானிகள். கானல் நீருக்கு உறவு என்க.

இவ்வைதிகம் அச்சேறியது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேதான். 1821-ல் 'பிளாக்வுட்' பத்திரிகைக் கதையொன்று தலைவனுக்கு வாண்டர்டெக்கன் என்று பெயரிட்டது. 1839-ல் மாரியட் நாவலாக்கினார். 1843-ல் வாக்னர் இசை நாடகமாக்கினார். ஒன்று கவனிக்கத் தக்கது. கதையை முதலில் பரப்பியவை ஆங்கில ஏடுகள். பழி சுமந்தவனோ ஒல்லாந்தன். அதே முனையைச் சுற்றி, அதே மிளகையும் துணியையும் நாடி, ஆங்கிலக் கம்பெனிக் கப்பல்களும் ஓடின. சாபம் மட்டும் போட்டிக்காரன் தலையில் விழுந்தது!

1602-ல் தோன்றிய ஒல்லாந்தக் கம்பெனியைப் பழவேற்காடும் நாகப்பட்டினமும் நன்கறியும். (அதன் முத்திரை எழுத்துக்கள் வி.ஓ.சி. என்பதைக் காணுந்தோறும் நமக்குத் தூத்துக்குடி நினைவு வருவதைத் தடுக்க முடிவதில்லை.) இரு நூற்றாண்டுகளில் அக்கம்பெனி ஆசியாவுக்குக் கப்பலேற்றியவர் ஏறக்குறைய பத்து லட்சம் பேர். திரும்பி ஊர் சேர்ந்தவர் பாதிக்கும் குறைவு. ஈறு அழுகும் ஸ்கர்வி நோயாலும் காய்ச்சலாலும் மாண்டவர் எண்ணற்றோர். பழைய கதையில் இவர்களுக்கு வாயில்லை. சபதம் செய்தவன் ஒருவன். அலைபவரோ கப்பலில் இருந்த அனைவரும். இஃதென்ன நியாயம்? 1942-ல் அந்நிய சர்க்கார் ஊர்தோறும் விதித்த கூட்டு அபராதத்தை அறிந்தவர்க்கு இந்த நியாயம் புதிதன்று.

இவ்விடத்தில்தான் ஜேக்ஸ் தமது பேனாவை ஊன்றுகிறார். அவருடைய கதாநாயகன் தலைவன் அல்லன். வீட்டுக் கொடுமைக்குத் தப்பி, 1620-ல் கோபனேகன் துறையில் அக்கப்பலுக்குள் வந்து சேரும் ஊமைச் சிறுவன். அடுக்களையில் அடியும் பசியும் அவன் பங்கு. துணைக்கு ஒரு நாய். மரகதக் கற்களை நாடிச் செல்லும் வாண்டர்டெக்கன் ஹார்ன் முனையில் தெய்வத்தைப் பழிக்க, தேவதூதன் தோன்றிச் சபிக்கிறான். ஆயினும் அலையொன்று சிறுவனையும் நாயையும் வாரிக் கடலில் எறிந்து காக்கிறது. குற்றமற்றவனைத் தண்டனையினின்று பிரித்தெடுத்த அந்த ஓர் அலைக்காகவே நாம் ஆசிரியரை வாழ்த்துகிறோம். ஊமை பேசுகிறான்; மூப்பின்றி, துன்புறுவோர்க்கு உதவி வாழும் வரமும் பெறுகிறான்.

பிற்பகுதி அவ்வளவு உயர்வாயில்லை. 1896-ல் ஓர் ஆங்கிலக் கிராமத்தை விழுங்கிச் சுண்ணாம்புக் கற்சுரங்கமும் சிமெண்டுத் தொழிற்சாலையும் அமைக்க முயலும் செல்வனை, சிறுவன் புதிர்களை விடுவித்து, பழைய பத்திரங்களைத் தேடி எதிர்க்கிறான். கோர்ட்டுப் படிகளில் சில ஆண்டுகள் ஏறி இறங்கிய நமக்கு, நில வழக்கு இத்தனை விரைவில் தீர்வதைக் காணப் பொறாமையே உண்டாகிறது!

ஜேக்ஸ் லிவர்பூல் துறைமுகத்தருகே பிறந்து, பதினைந்து வயதில் பள்ளியை விட்டு, கப்பலில் வேலை செய்தவர். பின்னர்ப் பால் வண்டி ஓட்டினார். பால் கொண்டு சென்ற குருடர் பள்ளிக் குழந்தைகளுக்காகவே தமது முதல் நாவலை எழுதினார். அது 1986-ல் வெளிவந்தது. கண்ணில்லாதார்க்குக் கடலைக் காட்டப் பழகிய கை என்பது இந்நூலின் புயற் பகுதியில் தெரிகிறது. இதனைத் தமிழாக்க விரும்புவோர் அப்பகுதியைச் சுருக்காதிருப்பாராக. கிராமப் பகுதியில் வேண்டிய மட்டும் கத்தரிக்கலாம், நமக்கு ஆட்சேபமில்லை.