கணவனுக்கு மட்டும் ஒரு விலக்கு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு, ஒரு பெண்ணின் விருப்பத்துக்கு மாறாகவோ அவளது சம்மதம் இன்றியோ நிகழ்த்தப்படும் பாலுறவை வல்லுறவு என்று வரையறுத்துவிட்டு, பதினெட்டு வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் நடந்துகொள்ளும் எந்தப் பாலியல் செயலும் வல்லுறவு ஆகாது என்று விலக்கும் அளிக்கிறது. காலனி ஆட்சியின் சுவடுகளைத் துடைப்பதற்காகவே 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் நீக்கப்படுவதாக அப்போது அறிவிக்கப்பட்டது. ஆயினும் அந்த ஆட்சி எழுதிவைத்த இந்த விலக்கு, பிரிவு எண் மட்டும் மாறிப் புதிய சட்டத்திலும் இடம்பெற்றது. பெண்கள் மீதான வன்முறை பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் இருட்டுத் தெருவையும் ஓடும் பேருந்தையும் முன்பின் அறியாத ஆணையும் சுற்றியே நடக்கிறது. ஆனால் ஒரு பெண்ணின் உடலும் உழைப்பும் அன்பும் தனக்குச் சேரவேண்டியவை, அவற்றை அவள் மறுப்பது தனக்கு இழைக்கப்படும் அநீதி என்று ஆண் கொள்ளும் எண்ணத்தை, அதாவது ஆண் பாத்தியதையை, சட்டமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கும் இடம் திருமணம்தான்.

இந்த விலக்கின் மூலம் இந்திய மண்ணில் இல்லை. பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தலைமை நீதிபதியாக இருந்த மாத்யூ ஹேல், திருமண ஒப்பந்தத்தின் மூலம் மனைவி தன்னைக் கணவனுக்கு ஒப்படைத்துவிடுவதால் அந்தச் சம்மதத்தை அவள் பின்னர் திரும்பப் பெற இயலாது என்று எழுதினார். அவர் 1676இல் இறந்து, அறுபது ஆண்டுகள் கழித்து 1736இல்தான் இக்கருத்து அடங்கிய அவரது நூல் அச்சேறியது. கருத்துக்கு ஆதாரமாக முன்தீர்ப்பு எதையும் அவர் காட்டவும் இல்லை. 1662இல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்ட இரு பெண்களைத் தூக்குக்கு அனுப்பிய வழக்கில் நீதிபதியாக அமர்ந்தவரும் இவரே என்பது, பெண்ணைப் பற்றிய அவரது தீர்மானங்களை எடைபோடும்போது மறக்கத்தக்க செய்தி அன்று. மெக்காலே தலைமையிலான குழு 1837இல் அளித்த தண்டனைச் சட்ட வரைவு ஹேலின் கருத்தை வயதுவரம்பு ஏதுமின்றி ஏற்றுக்கொண்டது. 1860இல் சட்டம் நிறைவேறியபோது, மனைவி பத்து வயதுக்குக் குறையாதவளாக இருந்தால் போதும் என்ற ஒரே நிபந்தனை சேர்ந்தது.

திருமணத்தை ஒப்பந்தம் என்று அழைக்கும் மரபு தமிழகத்திலும் உண்டு. ஆனால் அதன் பொருள் ஹேலின் பொருளுக்கு நேர் எதிரானது. பெரியார் முன்வைத்த வாழ்க்கை ஒப்பந்தம், சமமான இருவர் விரும்பிச் செய்துகொள்வது, விருப்பம் அற்றுப்போனால் விலகிக்கொள்ளும் உரிமையை இருவருக்கும் தருவது. அண்ணா தலைமையிலான அரசு 1967இல் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்துச் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பு அளித்தது. ஆயினும் புரோகிதரும் சடங்கும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட பெண்ணுக்கும், தண்டனைச் சட்டத்தைப் பொறுத்தவரை, ஹேலின் ஒப்பந்தமே பொருந்துகிறது.

மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள பாத்தியதையை நீதிமன்றத்தின் வழியே வசூலிக்கும் ஏற்பாடு ஒன்றும் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தது. தாம்பத்திய உரிமை மீட்பு என்று சட்டமொழியிலும், சேர்ந்து வாழக் கோரும் மனு என்று குடும்ப நல நீதிமன்ற வளாகங்களிலும் வழங்கும் அந்த ஏற்பாடு, தேவாலய நீதிமன்றங்களின் நடைமுறையாகத் தோன்றியது. இந்தியாவில் அதன் முழு முகத்தையும் வெளிப்படுத்தியது ருக்மாபாய் வழக்கு. 1864இல் பம்பாயில் பிறந்த ருக்மாபாய்க்குப் பதினோராம் வயதில் தாதாஜி பிகாஜி என்பவருடன் திருமணம் நடந்தது. எனினும் அவர் கணவர் வீட்டுக்குப் போகாமல், தாயுடனும் மருத்துவரான மாற்றாந்தந்தை சகாராம் அர்ஜுனுடனும் வாழ்ந்து, படித்து, வளர்ந்தார். 1884இல் தாதாஜி மனைவியைத் தம்மிடம் சேர்த்துவைக்கக் கோரிப் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். விவரம் அறியாத வயதில் நடந்த திருமணம் தம்மைக் கட்டுப்படுத்தாது என்பதே ருக்மாபாயின் வாதம்.

1885இல் நீதிபதி பின்ஹி, ஒருநாளும் சேர்ந்து வாழாத ஒருவரோடு சென்று வாழுமாறு இளம்பெண்ணைக் கட்டாயப்படுத்துவது கொடுமை என்று கருதி வழக்கைத் தள்ளினார். பால கங்காதர திலகரின் ஏடுகள் ருக்மாபாய்க்கு எதிராக எழுதின. பெண்ணுக்கு ஆங்கிலக் கல்வி தந்ததன் விளைவு இது என்ற பேச்சு பரவியது. மேல்முறையீட்டில் தீர்ப்பு திரும்பி, 1887 மார்ச் மாதம் நீதிபதி ஃபாரன், கணவரிடம் செல்லவேண்டும், மறுத்தால் ஆறு மாதம் சிறை என்று ஆணையிட்டபோது, சிறைக்கே செல்வதாக ருக்மாபாய் அறிவித்தார். இத்தகைய ஆணையை மீறுவோரைச் சிறையில் அடைக்கும் அதிகாரத்தை இங்கிலாந்து 1884லேயே தன் நாட்டில் நீக்கிவிட்டிருந்தது என்பதையும், தனக்கு வேண்டாம் என்று கழித்த ஒன்றை அதே அரசின் நீதிமன்றம் மூன்றாண்டுகள் கழித்து இந்தியப் பெண்ணின்மீது ஏவியது என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். 1888இல் இரண்டாயிரம் ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி தம் கோரிக்கையைக் கைவிட்டதில் வழக்கு முடிந்தது. ருக்மாபாய் லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல்லாண்டு காலம் பெண்களுக்கு மருத்துவம் பார்த்தார். அவர் 1955 செப்டம்பரில் காலமானார். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான், தாம்பத்திய உரிமை மீட்பை ஒன்பதாம் பிரிவாகக் கொண்ட இந்து திருமணச் சட்டம் சுதந்திர இந்தியாவில் நடைமுறைக்கு வந்திருந்தது.

அந்த ஒன்பதாம் பிரிவை 1983இல் ஆந்திர உயர் நீதிமன்ற நீதிபதி சௌத்ரி, நடிகை சரிதா தொடர்பான வழக்கில், அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று அறிவித்தார். எப்போது, யாருடன் உறவுகொள்வது, தன் உடலில் கரு உருவாகலாமா என்னும் முடிவுகளைப் பெண்ணிடமிருந்து பறித்து அரசின் கையில் இப்பிரிவு கொடுக்கிறது என்பதும், காகிதத்தில் இருபாலருக்கும் பொதுவானாலும் அதன் சுமை பெண்ணின் உடல்மீதே இறங்குகிறது என்பதும் அவரது தீர்ப்பின் சாரம். இந்திய நீதிமன்றங்கள் திருமணத்தைப் பற்றி எழுதியவற்றுள் மிகத் துணிவானவற்றில் ஒன்று அது. ஆனால் அது நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1984இல் சரோஜ் ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்து ஒன்பதாம் பிரிவை நிலைநிறுத்தியது. இந்த வழக்குமுறையைப் பெற்றெடுத்த இங்கிலாந்தோ 1970லேயே அதை ஒழித்திருந்தது.

இவ்வாறு கட்டிக்காக்கப்பட்ட பாத்தியதைக்கு விலை கொடுத்தவர்களில் பொதுவெளிக்குத் தெரியவந்த பெயர்களுள் ஒன்று ஃபூல்மணி. வங்காளத்தைச் சேர்ந்த, ஏறத்தாழப் பத்துப் பதினொரு வயதே ஆன இச்சிறுமி, தன்னைவிடப் பல மடங்கு மூத்த கணவன் வலிந்து உறவுகொண்டதால் இரத்தப்போக்கில் இறந்தாள். 1890இல் கல்கத்தாவில் நடந்த விசாரணையில், அவள் பத்து வயதைக் கடந்தவள் என்பதால் வல்லுறவுக் குற்றச்சாட்டுக்கு இடமில்லாமல் போனது. உயிருக்கு ஆபத்தான செயலால் கொடுங்காயம் விளைவித்ததற்காக மட்டும் கணவனுக்கு ஓராண்டுச் சிறை கிடைத்தது. அச்சாவு கிளப்பிய கொந்தளிப்பில் 1891இல் சம்மத வயதுச் சட்டம் வந்து வயதுவரம்பைப் பன்னிரண்டாக்கியது. அதற்குப் பின் மனைவிக்கான வயது பதின்மூன்று, பதினைந்து என்று படிப்படியாக உயர்ந்து, 2017இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால்தான் பதினெட்டைத் தொட்டது. அதுவரை, பிற பெண்களுக்கான சம்மத வயது 2013இல் பதினெட்டாக்கப்பட்ட பின்னரும், பதினைந்து வயது மனைவிக்குச் சட்டம் தனிக்கணக்கு வைத்திருந்தது. வயதைக் கூட்டியவர்கள் சம்மதம் என்னும் கேள்வியை ஒருமுறையும் எழுப்பவில்லை.

அக்கேள்வி எழுப்பப்படாததன் விளைவு 2025 பிப்ரவரியில் சத்தீஸ்கர் உயர் நீதிமன்றத் தீர்ப்பில் வெளிப்பட்டது. கணவன் வலிந்து செய்த பாலியல் செயலால் உள்ளுறுப்புகள் கிழிந்து 2017இல் ஒரு பெண் இறந்தார். இறப்பதற்கு முன் நிர்வாக நடுவரிடம் வாக்குமூலமும் கொடுத்தார். விசாரணை நீதிமன்றம் 2019இல் கணவனுக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. உயர் நீதிமன்றமோ, மனைவியின் சம்மதமின்மை இங்கே பொருட்டல்ல என்று விலக்கைச் சுட்டி அவரை விடுதலை செய்தது. ஃபூல்மணியின் கணவனுக்குக் காலனி நீதிமன்றம் ஓராண்டுச் சிறையாவது அளித்தது. 135 ஆண்டுகள் கழித்து, பெண்களுக்குச் சமத்துவம் வழங்கிய அரசியல் சாசனத்தின் கீழ், அதுவும் இல்லாமல் போனது.

விலக்கை நீக்கவேண்டும் என்று அதிகாரபூர்வமாகப் பரிந்துரைத்தது, தில்லி மாணவி மீதான கூட்டு வல்லுறவுக் கொடுமைக்குப் பின் 2012 டிசம்பரில் அமைக்கப்பட்ட நீதிபதி ஜே.எஸ். வர்மா குழு. குடும்ப அமைப்பு நெருக்கடிக்குள்ளாகும் என்று சொல்லி நாடாளுமன்ற நிலைக்குழு அப்பரிந்துரையை ஏற்க மறுத்தது. 2022 மே மாதம், விலக்கை எதிர்த்த வழக்கை விசாரித்த தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகளுள் ராஜீவ் சக்தேர் விலக்கைச் செல்லாது என்றார். ஹரி சங்கர், திருமண உறவில் பாலுறவை எதிர்பார்ப்பது நியாயமானது என்பதால் கணவனையும் அந்நியனையும் வேறுபடுத்துவது சரியே என்றார். 2024 அக்டோபரில் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் அளித்த பதிலில், மனைவியின் சம்மதத்தை மீறக் கணவனுக்கு உரிமையில்லை என்று ஒப்புக்கொண்டபோதும், அதை வல்லுறவு என்று அழைப்பது மிகைக்கடுமை என்றது. எதிர்பார்ப்பு இருப்பது ஒன்று, அது ஏமாற்றமடைந்தால் பலத்தால் நிறைவேற்றிக்கொள்வது வேறொன்று. கடன் கொடுத்தவருக்குக்கூட வீடு புகுந்து எடுத்துக்கொள்ளும் உரிமையைச் சட்டம் தருவதில்லை.

விலக்கை நீக்குவது இந்தியப் பண்பாட்டுக்குப் பொருந்தாது என்னும் வாதத்துக்கு அண்டை நாடு விடை தருகிறது. அரசியல் சாசனத்தாலேயே இந்து முடியரசாக இருந்த நேபாளத்தின் உச்ச நீதிமன்றம் 2002இல், மனைவியை வல்லுறவு கொள்வதும் குற்றமே என்று தீர்ப்பளித்தது. ஹேலின் நாட்டில் பிரபுக்கள் அவை 1991இல் அவரது கருத்தைப் புதைத்தது. இலங்கையின் தண்டனைச் சட்டமோ, 1995 திருத்தத்துக்குப் பின்னும், நீதிமன்றத்தின் மூலம் பிரிந்து வாழும் மனைவியை மட்டுமே காக்கிறது.

தமிழ்ச் செய்தித்தாள்கள் ஒருதலைக் காதல் என்று தலைப்பிடும் கொலைகளும் அமில வீச்சுகளும் வேறொரு உலகத்தைச் சேர்ந்தவை அல்ல. மறுத்த பெண்ணைத் துரத்தும் இளைஞனிடம் செயல்படுவதும் அதே பாத்தியதைதான். 2013 முதல் பின்தொடர்தல் தனிக்குற்றமாக இருப்பதால் அவனைப் பிடிக்கவேனும் பிரிவு உண்டு. அவன் எப்படியோ தாலி கட்டிவிட்டால், அதுவரை வல்லுறவுக் குற்றமாக இருந்த செயல் மறுநாள் குற்றமல்லாததாகிவிடுகிறது. பாதிக்கப்பட்ட பெண்ணையே குற்றவாளிக்கு மணமுடித்து வைக்கும் ஊர்ப் பஞ்சாயத்துகளின் தர்க்கம் இதிலிருந்து எத்தனை தூரம் என்று கேட்கவேண்டியிருக்கிறது.

பொய் வழக்குகள் பெருகும் என்னும் அச்சம் நேர்மையானவர்களிடமும் இருக்கிறது. ஆனால் பேசாமல் இருக்கும் பெண்களின் எண்ணிக்கை அந்த அச்சத்தின் அளவைக் குறைக்கவேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பாலியல் வன்முறைக்கு உள்ளான மணமான பெண்களில் 82 விழுக்காட்டினர் அதைச் செய்தவராகத் தம் இப்போதைய கணவனையே குறிப்பிட்டனர். உடல்வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ உள்ளான பெண்களில் 77 விழுக்காட்டினர் உதவி நாடவோ யாரிடமும் சொல்லவோ இல்லை. தமிழகத்தில் 1992 முதல் அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் இயங்குகின்றன. எனினும் கணவனைப் பற்றிய புகார் அங்கே பல நேரங்களில் முதல் தகவல் அறிக்கையாகாமல், மனு ரசீதோடும் இரு வீட்டாரையும் அழைத்துப் பேசி அனுப்புவதோடும் நின்றுவிடுகிறது.

விலக்கை நீக்குவது மட்டும் போதும் என்றும் கருத இயலாது. வல்லுறவுக்குக் குறைந்தபட்சம் பத்தாண்டுச் சிறை என்பது, கணவனின் வருமானத்தில் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணைப் புகார் கொடுக்கவிடாமல் தடுக்கக்கூடும். அவளுக்கு உடனடியாகத் தேவைப்படுவது தங்க ஓர் இடம், தடையின்றி வரும் ஜீவனாம்சம், வாழாவெட்டி என்று அழைக்காத பிறந்த வீடு. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாலியல் துன்புறுத்தலையும் வன்முறையாகக் கணக்கிட்டு, பாதுகாப்பு ஆணைக்கும் வசிப்பிட உரிமைக்கும் வழி செய்திருக்கிறது. அதை நடைமுறைப்படுத்தும் பாதுகாப்பு அலுவலர்களின் எண்ணிக்கையையும் அதிகாரத்தையும் கூட்டுவது இன்றே இயலும் வேலை. ஆயினும் குற்றத்தைக் குற்றம் என்று பெயரிடாத வரை, இவ்வுதவிகள் அனைத்தும் குடும்பத் தகராறு என்னும் தலைப்பின் கீழேயே வழங்கப்படும்.

2022 செப்டம்பரில் கருக்கலைப்புச் சட்டம் தொடர்பான வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம், அச்சட்டத்தின் நோக்கத்துக்கு மட்டும் வல்லுறவு என்னும் சொல் கணவன் செய்யும் வல்லுறவையும் உள்ளடக்கும் என்று தெளிவுபடுத்தியது. அதன்படி, கணவனின் வல்லுறவால் கருவுற்ற பெண் இருபத்துநான்கு வாரம் வரை கருவைக் கலைத்துக்கொள்ளலாம். அதற்கு வழக்குப் பதிவோ நீதிமன்றத்தில் நிரூபணமோ தேவையில்லை. அரசு மருத்துவமனை அவளுக்கு நேர்ந்ததை வல்லுறவு என்று ஏற்றுச் சிகிச்சை அளிக்கும். அதே பெண் அங்கிருந்து காவல் நிலையத்துக்குப் போனால், அக்குற்றத்தின் பெயரில் வழக்குப் பதிய இன்றும் பிரிவு இல்லை.