பைத்தான் பதிப்பு மாற்றமும் தமிழ்ச் சொல்லாய்வு நிரல்களும்

கணினி நிரல் எதுவும் தனித்து இயங்குவதில்லை. அது ஒரு நிரல்மொழியின் குறிப்பிட்ட பதிப்பை அடித்தளமாகக் கொண்டு எழுதப்படுகிறது. அடித்தளம் மாறும்போது அதன்மேல் அமைந்த நிரல்தொகுப்பும் திருத்தி அமைக்கப்பட வேண்டியதாகிறது. மொழியியலாளர் பெரிதும் கையாளும் பைத்தான் மொழி இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றாம் பதிப்புக்கு மாறியது இதற்குத் தக்க சான்றாகும். மூன்றாம் பதிப்பு 2008 டிசம்பரில் வெளியாயிற்று. இரண்டாம் பதிப்பின் பராமரிப்பு 2015-இல் முடிவதாக இருந்து, பின்னர் 2020 சனவரி 1 வரை நீட்டிக்கப்பட்டது. மொழியாய்வுக்கான என்.எல்.டி.கே. நிரல்தொகுப்பு 2014-இல் வெளிவந்த தன் 3.0 பதிப்பில் புதிய அடித்தளத்தையும் ஏற்றது. பெருந்தொகுப்புகளுக்குப் பராமரிப்போர் உண்டு. தனி ஆய்வாளர் தம் தேவைக்கு எழுதிவைத்த சிறு நிரல்களுக்கு அவ்வாறு எவரும் இலர்.

இம்மாற்றத்தின் மையம் ‘சரம்’ என்னும் கருத்தாகும். இரண்டாம் பதிப்பில் சாதாரணச் சரம் என்பது பைட்டுகளின் வரிசையே. மூன்றாம் பதிப்பில் அது ஒருங்குறிக் குறியீட்டுப் புள்ளிகளின் வரிசை. பைட்டுகள் தனி வகையாகப் பிரிக்கப்பட்டன. ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தை வினவினால் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் அமைந்த பழைய சரம் 15 என விடை தரும்; புதிய சரம் 5 எனத் தரும். எழுத்துகளோ மூன்று. தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளியும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளைக் கொள்வதால் 15 வருகிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை தனித்தனியே எண்ணப்படுவதால் 5 வருகிறது. புதிய பதிப்பு உண்மைக்கு அருகில் வந்துள்ளதேயன்றி, இலக்கண மரபு கூறும் எழுத்தை அடைந்துவிடவில்லை.

இவ்வேறுபாடு விகுதி பிரிக்கும் நிரல்களில் எவ்வாறு செயல்படுகிறது என்பது கருதத்தக்கது. ‘கள்’ என்னும் பன்மை விகுதி ஒன்பது பைட்டுகள் உடையது. ஆகவே, சொல்லின் இறுதி ஒன்பது அலகுகளை எடுத்து ‘கள்’ என்பதோடு ஒப்பிடுமாறு பழைய நிரல் எழுதப்பட்டிருக்கலாம். ‘மரங்கள்’ என்ற சொல்லில் அது சரியாகவே இயங்கும். அதே நிரலைப் புதிய பதிப்பில் இயக்கினால், ஏழு புள்ளிகளே உடைய அச்சொல் முழுவதும் எடுக்கப்படும், ஒப்பீடு பொய்க்கும், விகுதி பிரியாது. பிழைச்செய்தி எதுவும் தோன்றாது. அகராதித் தலைச்சொற் பட்டியலில் மரம், மரங்கள் இரண்டும் தனிச்சொற்களாக நின்றுவிடும். அலகெண்ணைக் கொண்டு வெட்டாமல், இன்ன விகுதியில் முடிகிறதா என்று வினவும் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் இவ்விடர் எழாது.

வகுத்தலிலும் ஒரு மாற்றம் உண்டு. ஆயிரம் சொற்களில் 450 வேறுபட்ட வடிவங்கள் இருப்பின், முழு எண்களை வகுக்கும் பழைய பதிப்பு அவ்விகிதத்தைச் சுழியம் என்றே காட்டும், புதியது 0.45 எனக் காட்டும். இது நன்மையே.

நிரலைத் தானாகத் திருத்தித் தரும் ‘டூ டு த்ரீ’ என்ற கருவி பைத்தானுடன் வழங்கப்பட்டு, 2024-இல் வெளியான 3.13 பதிப்பில் நீக்கப்பட்டது. அச்சிடும் கட்டளை போன்ற தொடரமைப்பு மாற்றங்களை அது செவ்வனே செய்தது. ஒரு சரத்தை எழுதியவர் பைட்டாகக் கருதினாரா, உரையாகக் கருதினாரா என்பதை அதனால் அறிய இயலவில்லை. மொழிபெயர்ப்பாளருக்கு இது புதிய செய்தியன்று: சொல்லை மாற்றலாம், கருத்தை ஊகிக்கத்தான் வேண்டும். ஆங்கிலத் தரவு கொண்டு சோதிப்பவருக்கு இக்குறை புலப்படுவதும் அரிது. ஆங்கில எழுத்து ஒரே பைட்டில் அடங்குவதால் இரு எண்ணிக்கையும் அங்கு ஒன்றே.

சொற்களைக் கண்டெடுக்கும் தேடற்கோவைகளில் நிலைமை இன்னும் நுட்பமானது. சொல்லெழுத்தைச் சுட்டும் பொதுக்குறி, பழைய பதிப்பின் பைட் சரத்தில் தமிழ்ச் சொல் எதையும் கண்டறியாது. பிழை உடனே தெரிந்துவிடும். புதிய பதிப்பில் அது ‘தமிழ்’ என்பதை ‘தம’, ‘ழ’ என இரு துண்டுகளாக்கித் தரும். ஒருங்குறி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்து வகையில் சேர்க்காமல் ஒட்டுக்குறி வகையில் சேர்த்திருப்பதும், பைத்தானின் பொதுக்குறி எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டுமே ஏற்பதும் இதன் காரணம். மெய்யை அடிப்படையாகக் கொள்ளும் நம் இலக்கணத்திற்கு, புள்ளியைப் பின்னொட்டாகக் கருதும் இவ்வகைப்பாடு முற்றிலும் தலைகீழானது. இத்துண்டுகளை எண்ணிப் பெறும் சொல்நிகழ்வுப் பட்டியல் பார்வைக்கு ஒழுங்காகத் தோன்றினும் பயனற்றதே. பொதுக்குறிக்கு மாற்றாகத் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட குறியீட்டு எல்லை முழுவதையும் தேடற்கோவையில் குறிப்பிடுவது எளிய தீர்வு.

ஒகரம் ஏறிய உயிர்மெய்யை ஒரே குறியாகவும், எகரக் குறி, கால் என்ற இரு குறிகளாகவும் எழுதலாம் என்பதால் ‘கொடி’ என்ற சொல் திரையில் ஒன்றாகவும் நினைவகத்தில் இரண்டாகவும் இருக்கக்கூடும். பதிப்பு மாற்றம் இதனைத் தீர்ப்பதில்லை. உரையை முதலில் இயல்பாக்கம் செய்தல் வேண்டும். இஸ்கி, டிஸ்கி முறைகளில் சேமித்த பழைய உரைகளை ஒருங்குறிக்கு மாற்றும் பணியும் அத்தகையதே. நிரலைத் திருத்துவதற்கு முன்பே அதனைத் தனியாக முடித்து, மாற்றிய உரையை இரு பதிப்புகளிலும் இயக்கிச் சொற்பட்டியல்களை ஒப்பிட்டால், வேறுபடும் ஒவ்வொரு சொல்லும் திருத்த வேண்டிய நிரல்வரியைக் காட்டிக்கொடுக்கும்.