உப்பு விற்கும் நமக்கு ஓர் உப்புக் கணக்கு

உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த ஊர் அத்திப்பட்டு. மளிகை வியாபாரிகளாகிய நமக்கு உப்பு பெரிய லாபம் தரும் சரக்கல்ல. ஆனால் அது இல்லாமல் கடை நடவாது. அதே உப்பு அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பானியரின் சாப்பாடே சாட்சி.

மீன், காய்கறி, சோயா, கடற்பாசி, குறைந்த கொழுப்பு என்று அவர்கள் உணவை உலகமே புகழ்கிறது. ஆனால் 1951 முதல் 1980 வரை அந்நாட்டில் அதிக உயிர்களைப் பறித்த நோய் பக்கவாதம்! குளிர் மிகுந்த வடபகுதியில் உப்பில் ஊறிய காய்கள், உப்பிட்ட மீன், மிசோ சூப், சோயா சாஸ் ஆகியவையே அன்றாட உணவு. அங்குள்ள அக்கித்தா மாநிலத்தில் 1950களில் ஒருவர் நாளொன்றுக்குச் சுமார் 27 கிராம் உப்பு உண்டார். உப்பு உடலில் நீரைத் தேக்குகிறது. இரத்த அளவு கூடி, குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது.

பின்னர் அரசும் ஊர்மக்களும் சேர்ந்து உப்பைக் குறைத்தனர். குளிர்சாதனப் பெட்டி வந்ததும் உப்பிட்டுப் பதப்படுத்தும் தேவை குறைந்தது. இரத்த அழுத்தப் பரிசோதனையும் மருந்தும் பரவின. பக்கவாத மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. மீனையும் காய்கறியையும் அவர்கள் கைவிடவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் பக்கம் காசிமேட்டுக் கருவாடு, ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய். கல்லாவில் உட்கார்ந்தபடியே தயிர்சாதமும் ஊறுகாயுமாக மதியச் சாப்பாட்டை முடிப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்!

உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவு, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவு. அதாவது ஒரு தேக்கரண்டி. நால்வர் உள்ள வீட்டுக்கு ஊறுகாய், அப்பளத்தில் உள்ளதையும் சேர்த்து மாதம் 600 கிராம். நம் வீட்டுக்கு மாதம் எத்தனை பாக்கெட் போகிறது என்று கணக்குப் பார்ப்போம்.

சோடியம் குறைந்த உப்பும் இப்போது விற்பனைக்கு வருகிறது. அதில் பொட்டாசியம் இருப்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் வாங்கக் கூடாது. இதை வாடிக்கையாளரிடம் சொல்லி விற்பது நம் கடமை.

இரத்தக் கொதிப்பு பெரும்பாலும் அறிகுறி காட்டாது. 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தால் சிகிச்சை வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை இலவசம். கடைக்கு விடுமுறை விடும் நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, குடும்பத்தோடு போய் அளந்து வருவோம்.