குடியிருப்போர் குரல்

வீட்டைக் கட்டிச் சாவியை ஒப்படைப்பதோடு ஆட்சிமன்றத்தின் கடமை முடிந்துவிடுவதில்லை. 2017 ஜூன் 14, ரமலான் மாதத்து இரவில், இலண்டன் கென்சிங்டன் உள்ளாட்சிமன்றத்துக்குச் சொந்தமான கிரென்ஃபெல் அடுக்குமாடி தீக்கிரையாகி 72 பேர் மாண்டனர். பாதுகாப்புக் குறைகளைக் குடியிருப்போர் முன்னரே எடுத்துரைத்தும் கேட்பாரில்லை. அதன் படிப்பினையாக, 2023 ஏப்ரல் முதல் இங்கிலாந்து உள்ளாட்சிமன்றங்கள் தம் வாடகை வீடுகளின் நிலையை 22 அளவுகோல்களால் கணித்து வெளியிடுகின்றன. பழுது காலத்தே நீக்கப்பட்டதா, முறையீடு மதிக்கப்பட்டதா என்பன போன்ற 12 அளவுகோல்களுக்குக் குடியிருப்போர் வாய்மொழியே ஆதாரம்.

நம் காணை வட்டாரத் தொகுப்பு வீடுகள் வாடகை வீடுகளல்ல. எனினும் கேட்கும் கடமை ஒன்றே. ஊரக வீட்டுத் திட்டத்தின் சமூகத் தணிக்கைக்குரிய மன்றம் கிராம சபை. ஒழுகும் கூரையை நன்கறிந்தவர் இல்லத்தரசியே. சகோதரிகளே, அச்சபையில் எழுந்து உண்மையுரைப்பீர்!